சிறு படகுக்குக் கையடக்க வயர்லெஸ் போதுமா, பொருத்தும் கருவி வேண்டுமா?

தூண்டில்காரர்:

வணக்கம். என்னிடம் ஐந்தரை மீட்டர் நீளமுள்ள, கூரையில்லாத ஃபைபர் படகு இருக்கிறது. அவுட்போர்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கான 12 வோல்ட் பேட்டரியைத் தவிர வேறு மின்வசதி இல்லை. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. கடலில் படகுகளோடும் கரையோடும் பேச உதவும் வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவி ஒன்று வாங்க எண்ணியிருக்கிறேன். கையடக்கக் கருவிக்கு 5 அல்லது 6 வாட், படகில் பொருத்தும் கருவிக்கு 25 வாட் என்று விவரக்குறிப்பில் காண்கிறேன். ஆற்றல் ஐந்து மடங்கு என்றால் தூரமும் ஐந்து மடங்கா? இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலையில் எதை வாங்கலாம்?

பாய்மரம்:

இல்லை. 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை என்பதால், தூரத்தை முதலில் தீர்மானிப்பது வாட் அல்ல, ஆன்டெனாவின் உயரம். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 4.1ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டரில் தொடுவானம் மறைக்கும் என்பது தெரியும். இரு முனைகளுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். படகில் அமர்ந்தபடி கையடக்கக் கருவியைப் பிடித்திருப்பவரின் ஆன்டெனா நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் அவருடைய பங்கு 4 கிலோமீட்டர்தான். அதே நிலையிலுள்ள இன்னொருவரோடு 8 கிலோமீட்டருக்குள் பேசலாம். அதற்கு மேல் எத்தனை வாட் கொடுத்தாலும் பெரிய பயன் இருக்காது. இரு படகுகளிலும் 4 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் அதே தூரம் 16 கிலோமீட்டர் ஆகிவிடும். உங்களிடம் பேட்டரி இருக்கிறது, பன்னிரண்டு கிலோமீட்டர் வரை செல்கிறீர்கள். ஆகவே பொருத்தும் கருவியே என் தேர்வு.

அலைவரிசை16:

பாய்மரம் சொன்ன கணக்கு படகுக்கும் படகுக்கும் இடையே முழுக்கப் பொருந்தும். கரை நிலையத்தைக் கூப்பிடும்போது நிலைமை வேறு. அதன் ஆன்டெனா 100 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் பங்கே 41 கிலோமீட்டர். அங்கே தொடுவானம் குறுக்கே நிற்பதில்லை. கையடக்கக் கருவியின் 5 வாட்டும் அந்தக் குட்டை ஆன்டெனாவும்தான் குறையாகின்றன. உடம்புக்குப் பின்னால் பிடித்தாலோ சாய்த்துப் பிடித்தாலோ ஒலி இன்னும் மங்கும். உயரம் மட்டும் போதும், வாட் எதற்கு என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆனாலும் கூரையில்லாத படகுக்கு என் பரிந்துரை வேறு. படகு கவிழ்ந்தால் பேட்டரி நீருக்குள் போகும், பொருத்திய கருவி அத்தோடு ஊமையாகிவிடும். தவறி விழுந்தவர் கையில் அது இருக்கவே இருக்காது. லைஃப் ஜாக்கெட்டில் கட்டி வைத்த, நீரில் மிதக்கக்கூடிய கையடக்கக் கருவி அந்த நேரத்திலும் வேலை செய்யும். ஐ.பி.எக்ஸ்.7 என்ற குறியீடு ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதைத்தான் குறிக்கிறது. மிதக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை, அதைத் தனியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஜி.பி.எஸ்.ஸும், டி.எஸ்.சி. எனும் தானியங்கி ஆபத்து அழைப்பு வசதியும் உள்ளடங்கிய மாதிரிகள் கையடக்க வகையிலும் கிடைக்கின்றன. மூடியைத் திறந்து சிவப்புப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தினால், 70ஆம் சேனலில் உங்கள் அடையாள எண்ணும் இருக்குமிடமும் தாமாகவே அனுப்பப்படும். எம்.எம்.எஸ்.ஐ. எனப்படும் அந்த ஒன்பது இலக்க அடையாள எண்ணை முறைப்படி பெற்றுக் கருவியில் பதிவு செய்யாவிட்டால் அந்தப் பொத்தான் வெறும் அலங்காரம். பல கருவிகளில் அந்த எண்ணை ஓரிரு முறைக்கு மேல் மாற்ற முடியாது, ஆகவே நிதானமாகப் பதியுங்கள்.

தூண்டில்காரர்:

இருவருக்கும் நன்றி. கையடக்கக் கருவியை வாங்கி, அதை உயரமான வெளி ஆன்டெனாவோடு இணைக்க முடியுமா? பின்னாளில் பொருத்தும் கருவி வாங்கினால் பேட்டரி தாங்குமா?

பாய்மரம்:

ஆன்டெனாவைக் கழற்றும்படி அமைந்த மாதிரியாக இருந்தால், தகுந்த அடாப்டர் வைத்து இணைக்கலாம். 5 வாட்டே ஆனாலும் உயரத்தின் பலன் கிடைத்துவிடும். கனமான கேபிள் அந்தச் சிறிய இணைப்பியை இழுத்து உடைத்துவிடக் கூடும் என்பதால், இடையில் மெல்லிய ஒரு துண்டுக் கேபிளைப் போட்டுக்கொள்ளுங்கள். கேபிளின் தரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: ஆர்.ஜி.58 வகையில் 15 மீட்டர் போட்டால் ஏறத்தாழ பாதி ஆற்றல் வழியிலேயே வீணாகும். உங்கள் படகுக்கு ஐந்தாறு மீட்டரே போதும், அங்கே இழப்பு குறைவு. ஆன்டெனா எதுவும் இணைக்காமல் பேசும் பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள், கருவி பழுதாகலாம்.

பேட்டரியைப் பற்றிக் கவலை வேண்டாம். பொருத்தும் கருவி 25 வாட்டில் பேசும்போது 5 ஆம்பியர் அளவுக்கு இழுத்தாலும், கேட்டுக்கொண்டிருக்கும்போது பொதுவாக அரை ஆம்பியருக்குள்தான் எடுக்கும். மெல்லிய வயரை வைத்து ஒப்பேற்றாமல், தனி ஃப்யூஸோடு பேட்டரியிலிருந்தே நேராக இணைப்பு எடுங்கள். மின்னழுத்தம் குறைந்தால், பொத்தானை அழுத்தியவுடன் கருவி அணைந்து அணைந்து எரியும்.

அலைவரிசை16:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வெளி ஆன்டெனாவோடு இணைத்த நாட்களில் குட்டை ஆன்டெனாவை லைஃப் ஜாக்கெட்டின் பையிலேயே வைத்திருங்கள். படகை விட்டுக் கருவியோடு இறங்க நேர்ந்தால் அது உடனே தேவைப்படும்.