பல நாட்டுக்கு ஒரே ஸ்பானிஷ் விளையாட்டுச் சேனல்: திரையில் பார்த்து இன்னும் உறுத்தும் அந்த ஒரு நொடி

டவுன்லிங்க்_துரை:
தென் அமெரிக்க கிளப் கால்பந்துக் கோப்பை லிபர்டடோரெஸ், 2018 இறுதி, ரிவர் - போகா, இரண்டாவது ஆட்டம், நவம்பர் 24. ரிவர் ரசிகருங்க தாக்கி போகா அணி பஸ் ஜன்னல் உடைஞ்ச கதை இங்க எல்லாருக்கும் தெரியும், விடுங்க. உறுத்துறது அந்த நேரப் பலகைதான். ப்யூனஸ் அயர்ஸ் நேரம் மாலை 5 மணி ஆட்டம். அப்புறம் 6 ஆச்சு. அப்புறம் 7.15. கடைசியில ஆட்டமே இல்லை, மறுநாளும் இல்லை. டிசம்பர் 9 அன்னிக்கு மாட்ரிட் பெர்னபேயுல நடந்து ரிவர் 3-1னு ஜெயிச்சது.

ஒரே நாட்டுச் சேனல்னா ஸ்டுடியோல நாலு பேரை உட்கார வெச்சுப் பேசியே ஓட்டிடலாம். பல நாட்டுச் சேனல்ல மெக்சிகோ ஃபீட், ஆண்டிஸ் ஃபீட், தெற்கு ஃபீட்னு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஒளிபரப்பு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பிளேலிஸ்ட் (அடுத்தடுத்து ஓட வேண்டியதோட வரிசை) ஒரே நேரத்துல ஓடும். ப்யூனஸ் அயர்ஸ்ல 5 மணின்னா பொகோட்டாவுல 3, மெக்சிகோ சிட்டியில 2. ஆட்டத்துக்கு அடுத்து என்னங்கிறது ஒவ்வொண்ணுலயும் வேற. பிளேலிஸ்ட்ல ஒரு ஐட்டம் ரெண்டு விதமா ஆரம்பிக்கும்: கடிகாரம் அடிச்சா தானா ஓடுறது ஒண்ணு, முன்னாடி இருக்கிறது முடிஞ்சாத்தான் ஓடுறது இன்னொண்ணு. நேரலை இழுக்கும்னு தெரிஞ்ச உடனே மாஸ்டர் கண்ட்ரோல்ல (ஒளிபரப்பை வெளியே அனுப்புற அறை) அடுத்த ஐட்டத்தைக் கடிகாரத்துலேர்ந்து கழட்டிக் கைக்கு மாத்தணும், அதுவும் எல்லா ஃபீட்லயும். ரெண்டுல மாத்தி மூணாவதை விட்டா அந்த நாட்டுக்கு மட்டும் பழைய குத்துச்சண்டை ஓட ஆரம்பிச்சிடும். "நடுவுல கட் பண்ணிட்டாங்க"ன்னு ஒரே ஒரு நாட்டுலேர்ந்து கூச்சல் வந்தா முதல்ல இங்கதான் பார்க்கணும்.

சாட்டிலைட் நேரமும் அப்படித்தான். மைதானத்துலேர்ந்து வர்ற இணைப்பு மணிக்கணக்குல எடுக்கிற வாடகை. நீட்டிப்பை முன்னாடியே கேட்டு வாங்கலேன்னா அடுத்து முன்பதிவு பண்ணவன் அதே அலைவரிசையில ஏறிடுவான்.

உங்க கண்ணுல பட்டதை எழுதுங்க. சேனல் பேர் வேண்டாம், கோளாறு போதும்.

மிக்ஸ்மைனஸ்:
பெனால்ட்டி. உதைக்கிறவர் இன்னும் ஓடி வந்துக்கிட்டு இருக்கார். கமென்டேட்டர் "கோஓஓ"ன்னு இழுக்க ஆரம்பிச்சாச்சு. பந்து வலைக்குள்ள போகும்போது அவருக்கு மூச்சே முடிஞ்சிடுச்சு.

ஐரோப்பிய ஆட்டத்துக்கு இந்தச் சேனல்கள்ல கமென்டேட்டர் மைதானத்துல இருக்கிறது அபூர்வம். ப்யூனஸ் அயர்ஸ்லயோ மெக்சிகோ சிட்டியிலயோ ஒரு சின்ன அறையில மானிட்டர் பார்த்துப் பேசுவாங்க. இப்போ அறை ஒரு ஊர்ல, மாஸ்டர் கண்ட்ரோல் இன்னொரு ஊர்லன்னு வைங்க. அறைக்கு வர்ற படம் சீக்கிரம் வரும் வழியில வருது. பேச்சு ஐ.பி. கோடெக் (குரலை நெட்வொர்க்ல அனுப்புற பெட்டி) வழியா ஒரு செகண்டுக்குள்ள மாஸ்டர் கண்ட்ரோலுக்குப் போயிடும். ஒளிபரப்புக்குப் போற படமோ அழுத்துற என்கோடர், சாட்டிலைட், விரிக்கிற டிகோடர்னு சுத்திக்கிட்டு மெதுவா வருது. குரல் முந்திடுது.

சரி பண்ற விதம்: ஆட்டத்துக்கு முன்னாடி வெள்ளைத் திரையும் "பீப்"பும் சேர்ந்து வர்ற சோதனைக் கிளிப்பை மூலத்துலேர்ந்தே ஓட்டணும். கமென்ட்ரி அறையில மானிட்டர் ஸ்பீக்கர் பக்கத்துல மைக்கை வெச்சு அந்த பீப்பைத் திருப்பி அனுப்பணும். மாஸ்டர் கண்ட்ரோல்ல படத்துல வெள்ளை வர்றதுக்கும் பீப் கேக்குறதுக்கும் நடுவுல எத்தனை ஃப்ரேம்னு எண்ணணும் (ஃப்ரேம்னா ஒரு தனிப் படம், ஃபீல்டுன்னா அதுல பாதி; நொடிக்கு 59.94 ஃபீல்டுல ஒளிபரப்பினா ஒரு முழு ஃப்ரேம் 33.4 மில்லிசெகண்ட்). அந்த அளவு தாமதத்தைக் கமென்ட்ரி சேனலுக்கு மட்டும் போடணும். மைதான இரைச்சலுக்குப் போடக் கூடாது, அது படத்தோடவே வருது. கோடெக்ல பஃபரை (எவ்வளவு சேர்த்து வெச்சு அனுப்புதுங்கிற அளவு) "ஆட்டோ"வுல விடாம ஒரு எண்ணுல நிறுத்தணும். ஆட்டோவுல விட்டா இடைவேளையில இணைப்பு அறுந்து திரும்ப வரும்போது வேற தாமதத்தோட வரும். முதல் பாதி கச்சிதம், ரெண்டாம் பாதி கந்தல்னா காரணம் அதுதான்.

இன்னொண்ணு. கமென்டேட்டர் திடீர்னு இழுத்து இழுத்து, திக்கித் திக்கிப் பேசினா அவர் காதுக்கு அவர் குரலே தாமதமாத் திரும்பி வருதுன்னு அர்த்தம். அவருக்குப் போற லைன்ல எல்லாம் இருக்கணும், அவர் குரல் மட்டும் இருக்கக் கூடாது.

ஐம்பது_ஹெர்ட்ஸ்:
மிக்ஸ்மைனஸ் சொல்றது பாதிதான். ஐரோப்பா நொடிக்கு 50 ஃபீல்டு, மெக்சிகோவும் கொலம்பியாவும் 59.94. நடுவுல 50ஐ 59.94ஆ மாத்துற கன்வெர்ட்டர் உட்கார்ந்து படத்தை மட்டும் பிடிச்சு வெக்குது. குரல் முந்துறதுக்கு அதுவே போதும்.

என் உறுத்தல் அதே கன்வெர்ட்டர்தான். ஃப்ரீகிக், பந்து சுவர் மேல வளைஞ்சு போகுது, கோல்போஸ்ட் கிட்ட ரெண்டு பந்து தெரியுது. ஒண்ணு கம்பிக்கு உள்ளே, ஒண்ணு வெளியே. கன்வெர்ட்டர் மூலத்துல இல்லாத படங்களைக் கற்பனை பண்ணி நிரப்புது. பெரிய பொருள் நகர்ந்தா சரியாக் கணிக்கும். சின்னப் பந்து, பின்னாடி வலை, அதுக்கும் பின்னாடி கூட்டம்னா வலைக் கண்ணையே பந்துன்னு நினைச்சுக்கும். மட்டமான கன்வெர்ட்டர் கற்பனைகூடப் பண்ணாது, ஃபீல்டைத் திருப்பிப் போட்டு ஒப்பேத்தும். கேமரா பக்கவாட்டுல நகரும்போது நொடிக்குப் பத்துத் தடவை சின்னதா ஒரு உதறல் தெரியும். மாத்துறதுன்னா ஒரே தடவை, மூலத்துக்குப் பக்கத்துல, அழுத்துறதுக்கு முன்னாடி மாத்தணும். அழுத்தின படத்தை விரிச்சு மாத்தித் திரும்ப அழுத்தினா கன்வெர்ட்டர் கட்டம் கட்டமான அழுக்கையும் சேர்த்து நகர்த்தும்.

(அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே அனலாக் காலத்துல பால்-என்ங்கிற கலர் டிவி முறை, அதாவது 50. சுத்தி இருந்த பிரேசில் பால்-எம், 60. ஒரே கண்டத்துக்கு ஒரே டேப்பை அனுப்ப முடியாத காலம் அது.)

மிக்ஸ்மைனஸ்:
கணக்கு சொல்லுங்க ஐயா. நல்ல கன்வெர்ட்டர் தின்றது சில ஃப்ரேம். பெனால்ட்டிக்கு ஓடி வர்றதே ஒண்ணு ரெண்டு செகண்ட். சில ஃப்ரேமுக்கு "கோஓஓ" முந்தாது, பந்தை உதைக்கிற "தட்" சத்தம்தான் முந்தும்.

ஐம்பது_ஹெர்ட்ஸ்:
அந்த "தட்" முந்துறதையே யாரும் சரி பண்றதில்லையே, அதைத்தான் சொல்றேன்.

சூரியத்தொல்லை:
மார்ச் இரண்டாவது வாரம், மெக்சிகோ சிட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்பெயின் நேரம் 4.15 ஆட்டம் அங்கே காலை 9.15. ஆட்டம் இருபது நிமிடம் தாண்டியதும் படம் கட்டம் கட்டமாகச் சிதறி, உறைந்து, கறுப்பாகிவிடும். சில நிமிடத்தில் எதுவும் நடக்காததுபோலத் திரும்பி வரும். மறுநாள் அதே நேரம் மறுபடியும்.

வானிலை இல்லை, சூரியன். கேபிள் நிலையத்தின் டிஷ், சாட்டிலைட், சூரியன் மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றன. 58 டிகிரி மேற்குத் தீர்க்கரேகைக்கு மேல் நிற்கும் இன்டெல்சாட் 21 சாட்டிலைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ சிட்டிக்கு அது கிழக்கே தள்ளி இருப்பதால் காலை ஒன்பதரை தாண்டி இது நடக்கும். ப்யூனஸ் அயர்ஸுக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருப்பதால் பகல் ஒரு மணி வாக்கில் நடக்கும். தேதியும் ஒன்றல்ல. மெக்சிகோவில் மார்ச் 12 ஒட்டி, பொகோட்டாவில் 18 ஒட்டி, எக்வடோரின் கீட்டோவில் 20 ஒட்டி, ப்யூனஸ் அயர்ஸில் ஏப்ரல் முதல் வாரம். செப்டம்பரில் வரிசை தலைகீழ்: ப்யூனஸ் அயர்ஸ் முதலில், மெக்சிகோ மாதக் கடைசியில். சூரியன் நாளுக்கு 0.4 டிகிரி வீதம் வடக்கு தெற்காக நகர்வதால் ஒரு ஊருக்கு அடுத்தடுத்துச் சில நாட்கள் தொல்லை, அதில் நடு நாள்தான் மோசம். டிஷ் பெரிதானால் கற்றை ஒடுங்கும், இருட்டும் நேரம் குறையும்.

நடப்பது என்னவென்றால், புகார் குவிந்ததும் ஒருவர் மொட்டை மாடியேறி டிஷ்ஷைத் திருகிவிடுகிறார். சூரியன் நகர்ந்த பிறகும் படம் வராது. அந்த நேரத்தில் போல்ட்டைத் தொடவே கூடாது. ஃபைபர் வழியிலோ, வானத்தில் தள்ளி நிற்கும் வேறு சாட்டிலைட்டிலோ அதே சேனல் கிடைத்தால் அட்டவணை போட்டு முன்னதாகவே மாற்றிக்கொள்ளலாம். பளபளக்கும் அலுமினிய டிஷ்ஷாக இருந்தால் மங்கலான வெள்ளை பெயின்ட் அடியுங்கள். இல்லையென்றால் வெயில் குவிந்து, டிஷ் முன்னால் சிக்னலை வாங்கும் முனையின் மூடி உருகும்.

கொடிப்பலகை:
இது சின்னது. விளம்பரக் கிளிப்பில் நாட்டுக் கொடி வரிசையும் அதற்கு நேரே அங்கே ஆட்டம் எத்தனை மணிக்கு என்றும் போடுவார்களே, அதுதான். சாம்பியன்ஸ் லீக், மத்திய ஐரோப்பிய நேரம் இரவு 9. மார்ச் தொடக்கத்தில் ப்யூனஸ் அயர்ஸ் 5, சந்தியாகோ 5, லிமா 3, மெக்சிகோ 2. மார்ச் கடைசி ஞாயிறு ஐரோப்பா கடிகாரத்தை முன்தள்ளும், எல்லாம் ஒரு மணி முன்னால் வரும். ஏப்ரல் முதல் வாரத்தில் சிலி தன் கடிகாரத்தைப் பின்தள்ளும். அதே இரவு 9 ஆட்டம் ஏப்ரல் நடுவில் சந்தியாகோவில் மாலை 3. மார்ச்சில் செய்த பலகையைக் காலிறுதிக்கு அப்படியே ஓட்டினால் சிலிக்காரர் டிவி போடும்போது ஆட்டம் முடிந்து பேட்டி ஓடும்.

டவுன்லிங்க்_துரை:
2022 அக்டோபர் கடைசியில மெக்சிகோ கோடை நேரத்தை விட்டுச்சு. ஆனா திஹுவானா மாதிரி எல்லை ஊர்ங்க அமெரிக்காவோட சேர்ந்து இன்னும் மாத்துது. பராகுவே 2024 அக்டோபர்லேர்ந்து வருஷம் முழுக்க கோடை நேரத்துலயே நின்னுடுச்சு. பழைய அட்டவணை வெச்சிருக்கிறவங்க இந்த ரெண்டையும் திருத்துங்க.

டிகோடர்:
கோளாறு மட்டும்தான் எழுதணுமா? வேணும்னே செஞ்சது ஒண்ணு இருக்கு. 2009க்கு முந்தைய அர்ஜென்டினா. அடிப்படை கேபிள்ல லீக் ஆட்டம் "நேரலை". ஆனா கேமரா மைதானத்தைக் காட்டாது, கூட்டத்தைக் காட்டும். கமென்டேட்டர் வானொலி மாதிரி விவரிப்பார், கூட்டம் எழும், நீங்க கூட்டத்தோட முகத்தைப் பார்த்துக் கோலைப் புரிஞ்சுக்கணும். ஆட்டம் பார்க்கக் கூடுதல் பணம் கட்டி டிகோடர் வாங்கணும். கோலை மத்த சேனல் காட்டக் கூடாது, ஞாயிறு ராத்திரி ஃபுட்போல் தே ப்ரிமேராங்கிற நிகழ்ச்சியில வந்த பிறகுதான் காட்டலாம். 2009 ஆகஸ்ட்ல அரசு ஆட்டங்களோட ஒளிபரப்பு உரிமையை எடுத்து இலவசமாக் கொடுத்துச்சு. 2017ல திரும்பக் கட்டணம்.

"ஒரே லோகோ, என் நாட்டுல ஏன் இந்த ஆட்டம் இல்லை"ன்னு அடிக்கடி கேக்குறாங்க. ஒளிபரப்பு உரிமையை ஒரு தொடர் முழுக்க ஒண்ணாத்தான் விக்கிறாங்கன்னு நினைச்சா குழப்பம்தான். தென் அமெரிக்க உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுல ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் தன் சொந்த ஊர் ஆட்டத்தைத் தனியா வித்துக்கிட்டது. மெக்சிகோ லீக்ல ஒவ்வொரு கிளப்பும் தன் மைதான ஆட்டத்தைத் தானே விக்குது. எதிரணி யாருங்கிறதைப் பார்க்காதீங்க, ஆட்டம் எங்கேங்கிறதைப் பாருங்க, எந்தச் சேனல்னு பாதி புரிஞ்சிடும். லோகோவும் நம்பத் தக்கதில்லை. 2019ல டிஸ்னி ஃபாக்ஸை வாங்கினப்போ இ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் ரெண்டும் ஒரே கையில சேர்ந்தது. மெக்சிகோவுல ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸை வித்தே ஆகணும்னு கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிடுச்சு. அங்கேயும் அர்ஜென்டினாவுலயும் அது வேற வேற கைக்குப் போச்சு. மத்த இடங்கள்ல இ.எஸ்.பி.என். 4 ஆயிடுச்சு.

முந்திக்கோல்:
பக்கத்து வீட்டுல "கோல்" கத்துறாங்க, உங்க திரையில பந்து இன்னும் நடு மைதானத்துல. இதுதான் எல்லாத்தையும் விடக் கொடுமை. இதுக்கு என்ன செய்யணும்னு விரிவாச் சொல்றேன். ஆப்ல வர்ற நேரலை படத்தைத் துண்டு துண்டா வெட்டி அனுப்புது. துண்டு 6 செகண்ட், பிளேயர் மூணு துண்டைச் சேர்த்து வெச்சுத்தான் ஓட்டத் தொடங்கும், அதுவே 18 செகண்ட். என்கோடர், சர்வர் நேரமும் சேர்ந்தா அரை நிமிஷம் சாதாரணம். டிஷ் சேவையில சில செகண்ட்தான். அதனால முதல்ல டிஷ் அல்லது கேபிள், கடைசியில ஆப். ஆப்தான் வழின்னா "பாஸ்" போடாதீங்க, போட்ட அளவு பின்தங்கிடுவீங்க. ஒருமுறை தடுமாறி நின்னா வெளியே வந்து திரும்ப உள்ளே போங்க, நேரலை முனைக்கு வந்துடும். வைஃபையை விட்டு லேன் கேபிள் போடுங்க. டிவிக்குள்ள இருக்கிற பழைய ஆப்பைவிடத் தனி ஸ்ட்ரீமிங் பெட்டி நல்லது. டிவியில "கேம் மோட்" போட்டா படச் செயலாக்கத் தாமதம் கொஞ்சம் குறையும், ஆனா அது மில்லிசெகண்ட் கணக்கு, ரொம்ப நம்பாதீங்க. ஸ்கோர் சொல்ற எல்லா ஆப்புக்கும் அறிவிப்பை அணைச்சிடுங்க. வானொலிக் கமென்ட்ரியோட பார்க்கணும்னா ரேடியோவைத் தாமதப்படுத்துற ஆப் இருக்கு. நடுவர் விசில் சத்தத்தை வெச்சுப் பொருத்துங்க, ஆட்டத் தொடக்க விசில் ரொம்பத் தெளிவு.

கொடிப்பலகை:
யாரும் கேட்கவே இல்லையே. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே ஆப்பை வாங்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

ஸ்பிளைசர்:
வீரர் அடிபட்டு விழுகிறார். சின்ன விளம்பர இடைவெளி. திரும்பி வந்தால் கோல் விழுந்து ஆட்களெல்லாம் மூலைக் கொடிக் கம்பத்தருகே கட்டிப்பிடித்துக் கிடக்கிறார்கள். ஒரு நாட்டில், ஒரு ஊரில், ஒரே ஒரு கேபிள்காரரின் வாடிக்கையாளருக்கு மட்டும்.

சேனல் விளம்பரத்துக்குப் போகும்போது சிக்னலுக்குள் எஸ்.சி.டி.ஈ. 35 கட்டளை ஒன்று போகும். குறைந்தது 4 செகண்ட் முன்னதாகப் போக வேண்டும். அந்தந்த ஊர் ஹெட்எண்டில் (கேபிள் நிலையம்) உள்ள ஸ்பிளைசர் என்ற பெட்டி அதைப் பார்த்து உள்ளூர் விளம்பரத்தை ஒட்டும். கட்டளையோடு "30 செகண்டில் தானாகத் திரும்பு" என்று சேர்த்தும் அனுப்பலாம். அடிபட்டவர் பத்து செகண்டில் எழுந்துவிட்டால் சேனல் "இப்போதே திரும்பு" என்று இன்னொரு கட்டளை அனுப்பும். அது தொலைந்துபோனாலோ, ஸ்பிளைசரில் அதை மதிக்காதபடி அமைப்பு இருந்தாலோ, முழு 30 செகண்டும் ஓடித்தான் தீரும். பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்துக்கு வைத்த அமைப்பை அப்படியே விட்டிருப்பார்கள். அங்கே இடைவெளி ஆட்டத்திலேயே இருக்கிறது, நீளம் முன்பே தெரியும். கால்பந்தில் அப்படி இல்லை.

புகார் வந்தால் ஸ்பிளைசர் லாக்கை (நடந்ததெல்லாம் நேரத்தோடு பதிவாகும் கோப்பு) எடுத்து மூன்று நேரத்தைப் பாருங்கள்: வெளியேறும் கட்டளை வந்த நேரம், திரும்பும் கட்டளை வந்த நேரம், உண்மையில் திரும்பிய நேரம். இரண்டாவது லாக்கில் இல்லவே இல்லை என்றால் வழியில் எங்கோ ஒரு பெட்டி அதை வடிகட்டுகிறது. பல சேனலை ஒன்றாகச் சேர்க்கும் மல்டிபிளெக்சரை மாற்றியதும் அந்தக் கட்டளைக்கான பி.ஐ.டி.யை (சிக்னலுக்குள் அதன் அடையாள எண்) கடத்த மறந்துவிடுவது வழக்கம். இருந்தும் திரும்பவில்லை என்றால் ஸ்பிளைசர் அமைப்பு. கால்பந்துச் சேனலுக்குத் தானாகத் திரும்புவதை அணைத்துவிட்டு, திரும்பும் கட்டளையை இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தானாகத் திரும்புவதை அணைத்த பிறகு அந்தக் கட்டளை எல்லா முறையும் தொலைந்துபோனால் விளம்பரம் முடிந்து கறுப்புத் திரையில் நிற்கும். அதனால் ஸ்பிளைசரில் உச்ச வரம்பு 60 செகண்ட் என்று ஒன்று போட்டு வையுங்கள்.