வேகன்ஆரில் முதல் ஆடியோ சிஸ்டம்: 45,000 ரூபாயை எதில் எவ்வளவு போடுவது?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். வண்டி வேகன்ஆர் எல்எக்ஸ்ஐ, 2021 மாடல். கம்பெனி ஸ்டீரியோவும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. கையில் 45,000 ரூபாய் இருக்கு, கூலியும் அதற்குள்ளேயே. கேட்பது சினிமா பாட்டு பாதி, கச்சேரி பாதி. தவிலும் மிருதங்கத்தின் தொப்பியும் கனமா, தெளிவா கேட்கணும். கண்ணாடி அதிரும்படி வேண்டாம்.

கடையில் சொன்ன திட்டம்: 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, நாலு கதவுக்கும் கோஆக்சியல் ஸ்பீக்கர் (எல்லா ஒலிக்கும் ஒரே துண்டு), டிக்கியில் 12 இஞ்ச் பேஸ் ட்யூப், "3000 வாட்ஸ்" ஆம்ப்ளிஃபயர். இது சரியா? பேட்டரி தாங்குமா? வண்டி வயரை வெட்டாமல் செய்ய முடியுமா?

நாலு_ஓம் எழுதியது:

இந்தத் திட்டத்தில் காசு தப்பான இடத்துக்குப் போகுது. முதலில் அந்த 3000 வாட்ஸ். ஆம்ப்பின் பக்கவாட்டில் இருக்கிற ஃபியூஸைப் பாருங்க. 30 ஆம்பியர் என்றால் 30 × 13.8 = 414 வாட்ஸ்தான் உள்ளே போக முடியும். கிளாஸ் டி வகை ஆம்ப் என்றால் அதில் ஏறக்குறைய 80 சதவீதம், கிளாஸ் ஏபி வகை என்றால் 55-60 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகும், மீதி சூடு. அதாவது 230 முதல் 330 வாட்ஸ். பெட்டியில் அச்சடித்த எண்ணை விட்டுட்டு, 4 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை) எத்தனை வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி) என்று மட்டும் கேளுங்க.

ஸ்டீரியோ மேலே "4×50" என்று போட்டிருப்பதும் அப்படித்தான். 14.4 வோல்ட்டில் ஓடும் சில்லு 4 ஓம் ஸ்பீக்கருக்கு அலை வெட்டுப்படாமல் கொடுக்கக்கூடியது கணக்குப்படி 26 வாட்ஸ், நடைமுறையில் 20 பக்கம்.

நான் பிரிப்பது இப்படி:

ஸ்டீரியோ – 9,000
முன்கதவு கம்போனென்ட் செட், 6.5 இஞ்ச் – 7,500
நாலு சேனல் ஆம்ப், 4×75 ஆர்எம்எஸ் – 11,000
10 இஞ்ச் சப்வூஃபர் (கீழ் ஒலிக்கான ஸ்பீக்கர்), மூடிய பெட்டியோடு – 7,000
கதவு டாம்ப்பிங் ஷீட் (அதிர்வைத் தடுக்கும் ஒட்டுத் தாள்) – 4,000
வயர், ஃபியூஸ், ஆர்சிஏ (ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்கு ஒலி கொண்டுபோகும் வயர்), கப்ளர் (வண்டி வயரில் செருகும் இணைப்பான்) – 3,500
கூலி – 3,000

பின்கதவு ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். ஓட்டுபவரும் பக்கத்தில் இருப்பவரும் கேட்கும் மேடை முன்னால் இருக்கணும். பின்னால் இரண்டு ஸ்பீக்கர் கத்தினால் பாடகர் குரல் முதுகுப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் காசை முன்கதவில் போடுங்க.

கோஆக்சியலுக்குப் பதில் கம்போனென்ட் ஏன் என்றால், ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) தனியாக வருது. ஒற்றைத் துண்டாக வரும் ஸ்பீக்கரைக் கதவில் வைத்தால் உச்ச ஒலி முழுக்க உங்கள் முழங்காலைப் பார்த்துத்தான் அடிக்கும். ட்வீட்டரைக் கண்ணாடி முக்கோணத்திலோ டாஷ்போர்டு மூலையிலோ வைத்தால் குரல் கண் மட்டத்துக்கு ஏறும்.

அடுத்தது கதவு. இதில்தான் பலரும் கோட்டை விடுறாங்க. ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. கோன் முன்னால் தள்ளும் அலையும் பின்னால் தள்ளும் அலையும் எதிரெதிர். உள் தகட்டில் இருக்கும் பெரிய சர்வீஸ் ஓட்டைகள் வழியாகப் பின் அலை வெளியே வந்து முன் அலையைத் தின்றுவிடும். முதலில் காணாமல் போவது கீழ் ஸ்தாயி, உங்கள் தவில் அங்கேதான் இருக்கு. 20,000 ரூபாய் ஸ்பீக்கரைத் திறந்த கதவில் போடுவதைவிட 7,000 ரூபாய் ஸ்பீக்கரை அடைத்த கதவில் போடுவது எவ்வளவோ மேல்.

செய்முறை: ட்ரிம்மை (கதவின் உள் உறை) கழற்றி, பிளாஸ்டிக் தாளை எடுத்து, தகட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கணும். தூசியோ மெழுகோ இருந்தால் ஷீட் ஒட்டாது. 2 மி.மீ பியூட்டைல் ஷீட் (மேலே அலுமினியத் தாள் உள்ளது), இரண்டு கதவுக்கும் சேர்த்து சுமார் 20 சதுர அடி. முதலில் வெளித்தகட்டின் உள்பக்கம், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால். பிறகு உள் தகட்டில் ஓட்டைகளை அடைத்து ஒட்டணும். ரோலர் போட்டு, அலுமினியத்தின் மேலிருக்கும் கோலம் அழியும்வரை அழுத்தணும்.

ஷீட் வாங்கும்போது கவனம். தார் அடிப்படையிலான மலிவு ஷீட் நம் ஊர் வெயிலில் உருகி வழியும், கார் முழுக்க தார் வாடை. மோந்து பார்த்தாலே தெரிஞ்சிடும்.

ஷீட் ஒட்டும் ஆள் ஒன்றை மறக்கவே கூடாது: கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகள். மழைத்தண்ணி கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு, அந்தத் துளை வழியாக வெளியேறணும். அதை அடைத்தால் தண்ணி தேங்கி கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். இதே காரணத்தால் ஸ்பீக்கர் வளையத்துக்கு வெறும் எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) வேண்டாம், ஒரே மழைக்காலத்தில் ஊறி உப்பிடும். பிளாஸ்டிக் வளையமோ, நாலு பக்கமும் பெயின்ட் அடித்த மரைன் ப்ளைவுட்டோ போடுங்க.

வாங்கும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, ஸ்பீக்கர் பொருத்தும் ஆழத்தை அளந்துக்கங்க. காந்தம் கண்ணாடியில் தட்டுவது கடைசி நாளில் தெரிந்தால் வளையம் மாத்தி மறுபடி செய்யணும்.

செம்புக்கம்பி எழுதியது:

ஒலியை அவர் சொல்லிட்டார். மின்சாரப் பக்கம் நான்.

பேட்டரி தாங்கும். 4×75 கிளாஸ் டி ஆம்ப் முழு மூச்சில் ஓடினால்: 300 ÷ 0.8 = 375 வாட்ஸ், 13.8 வோல்ட்டில் 27 ஆம்பியர். பாட்டு ஓடும்போது சராசரி இதில் சிறு பங்குதான். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சமாளிச்சிடும். எஞ்சினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் சத்தமா கேட்டால்தான் மறுநாள் செல்ஃப் எடுக்காது. இந்த ஆம்ப்புக்குப் பெரிய பேட்டரியும் கெப்பாசிட்டரும் வாங்கச் சொன்னால் வாங்காதீங்க.

பவர் வயர்: பேட்டரியிலிருந்து சீட்டுக்கு அடியில் சுமார் 5 மீட்டர். 8 கேஜ் (எண் குறையக் குறைய வயர் தடிமன்) தூய செம்பில் 27 ஆம்பியருக்கு இழப்பு 0.28 வோல்ட். 4 கேஜில் 0.11. சந்தையில் "வயரிங் கிட்" என்று வருவதில் பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில், அதே வோல்ட் இழப்புக்கு அது செம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மின்னோட்டம்தான் கொண்டுபோகும், மேல் உறையை மொத்தமாக்கி 4 கேஜ் மாதிரி காட்டுவாங்க. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், சிவப்பாகவே இருந்தால் செம்பு.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள். இது ஆம்ப்பைக் காப்பாத்த அல்ல, வயரைக் காப்பாத்த. ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் தகடு) ஓட்டையில் தகடு விளிம்பு வயர் உறையை அறுத்துவிட்டால் பேட்டரியின் மொத்த மின்னோட்டமும் பாடி வழியாகப் பாயும், வயர் பழுத்து எரியும். ஆம்ப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் போட்டால் அந்த 5 மீட்டருக்கும் காவலே இல்லை. இந்த ஆம்ப்புக்கு 8 கேஜ் செம்பு, 40 ஆம்பியர் ஃபியூஸ். ஃபயர்வாலில் ரப்பர் க்ரொமெட் (ஓட்டை விளிம்பு வளையம்) இல்லாமல் வயரை நுழைக்க விடாதீங்க.

எர்த் வயர் பவர் வயர் அளவே தடிமன், ஒன்றரை அடிக்குள் நீளம். பாடியில் பெயின்ட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து எடுத்து, க்ரிம்ப் பண்ணிய லக் (வயர் முனை வளையம்), நட்சத்திர வாஷர், போல்ட். மேலே துருத் தடுப்புப் பூச்சு. சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது, அது உயிர் காக்கும் போல்ட். தரையில் புதிதாகத் துளை போடுவதென்றால் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துட்டுத்தான்: பெட்ரோல் டேங்க்கும் பிரேக் குழாயும் அங்கேதான் ஓடுது.

எர்த் சரியா என்று பார்க்க: பாட்டை சத்தமா ஓட விட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனை ஆம்ப் எர்த்தில், மறுமுனை பேட்டரி நெகட்டிவில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ தளர்வு இருக்கு.

வயரை வெட்டாமல் முடியும். உங்கள் வண்டிக்கான கப்ளரை வாங்கி ஸ்டீரியோவோடு வந்த வயரை அதில் சால்டர் பண்ணி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. சும்மா முறுக்கி டேப் சுற்றினால் வெயிலில் பசை வழிந்து கழன்றுடும். ஸ்டீரியோ பக்க நிறங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது, கருப்பு எர்த், வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கருப்புக் கோடு போட்டது நெகட்டிவ். வண்டிப் பக்க நிறத்தை நம்பாதீங்க, மீட்டரால் சரிபாருங்க.

ஆம்ப்பை எழுப்பும் ரிமோட் வயர் நீலம்-வெள்ளை. இதை நிரந்தர 12 வோல்ட்டில் இணைத்தால் ஆம்ப் இரவெல்லாம் விழித்திருந்து பேட்டரியைக் குடிச்சிடும். வேலை முடிந்து, சாவி எடுத்து, கதவு பூட்டி, அரை மணி கழித்துப் பேட்டரி நெகட்டிவில் மீட்டரைத் தொடராகப் போட்டுப் பாருங்க. 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கணும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு சில நிமிஷம் பொறுக்கணும். மஞ்சள் நிற கனெக்டர் எங்கே தெரிந்தாலும் அது ஏர்பேக், கிட்டேயே போக வேண்டாம்.

வைகைக்கரை கேட்டது:

ரொம்ப நன்றி இருவருக்கும். சப்வூஃபர் பார்க்கப் போனால் "டூயல் 4 ஓம்" என்று ஒன்று, "டூயல் 2 ஓம்" என்று ஒன்று. எதை எடுப்பது? பெட்டியை நம் ஊர் தச்சரிடமே செய்யலாமா?

நாலு_ஓம் எழுதியது:

ஆம்ப்பின் 1, 2 சேனல் முன்கதவுக்கு. 3, 4 சேனலை பிரிட்ஜ் பண்ணி (இரண்டையும் ஒன்றாக்கி) சப்வூஃபருக்கு. பிரிட்ஜ் பண்ணும்போது பெரும்பாலான நாலு சேனல் ஆம்ப்புக்கு 4 ஓம்தான் எல்லை, ஏன்னா ஒவ்வொரு சேனலும் பாதிச் சுமையை, அதாவது 2 ஓமைத்தான் பார்க்கும். ஆகவே டூயல் 2 ஓம் எடுத்து இரண்டு காயிலையும் (கோனை ஓட்டும் கம்பிச்சுருள்) தொடராக இணைங்க: 4 ஓம். டூயல் 4 ஓமைத் தொடராக இணைத்தால் 8 ஓம், சக்தி ஏறக்குறைய பாதியாகிடும். இணையாக இணைத்தால் 2 ஓம், ஆம்ப் ப்ரொடெக்‌ஷனுக்குப் போய் சிவப்பு விளக்கு எரியும். ஒற்றைக் காயில் 4 ஓம் கிடைத்தால் குழப்பமே இல்லை.

தச்சர் தாராளமாகச் செய்யலாம். 10 இஞ்சுக்கு மூடிய பெட்டி 20 லிட்டர் பக்கம் பொதுவாகப் பொருந்தும். ஆனால் வாங்கிய சப்வூஃபரின் தாளில் என்ன போட்டிருக்கோ அதுவே முடிவு. 18 மி.மீ எம்டிஎஃப், உள்ளளவு 35 × 30 × 20 செ.மீ என்றால் 21 லிட்டர், சப்வூஃபரின் உடம்பு அதில் ஒன்றரை லிட்டர் பக்கம் எடுத்துக்கும். மூலைகளில் ஃபெவிகால், திருகு, உள்ளே எல்லா இணைப்பிலும் சிலிக்கான். சிலிக்கான் முழுக்கக் காய்ந்த பிறகே சப்வூஃபரை மாட்டுங்க, அதன் ஆவி ரப்பரையும் பசையையும் தாக்கலாம்.

போர்ட் (காற்று ஓட்டை) வைத்த பேஸ் ட்யூப் ஒரே சுருதியில் சத்தமாக முழங்கும். தவிலில் கையும் குச்சியும் மாறி மாறி விழுவது தனித்தனியாகக் கேட்கணும் என்றால் மூடிய பெட்டிதான். பெட்டியைப் பெல்ட் போட்டுத் தரையோடு கட்டுங்க, சடன் பிரேக்கில் 15 கிலோ பறந்து வரக் கூடாது.

அலைநீளம் எழுதியது:

மாட்டியதோடு வேலை முடியாது. செட்டிங்கில்தான் பலரும் ஸ்பீக்கரை எரிக்கிறாங்க.

கெயின் குமிழ் சத்தம் கூட்டும் குமிழ் அல்ல. ஸ்டீரியோவின் வெளியீட்டு வோல்டேஜுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் குமிழ். அதை முழுக்கத் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்பட்டு சதுரமாகும், ட்வீட்டர் காயில் சூடேறி அறுந்து போகும்.

மல்டிமீட்டரில் ஏசி வோல்ட். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிடுங்க. ஈக்வலைசர் நேர்கோடு, லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் எல்லாம் அணைத்து, ஸ்டீரியோ சத்தம் முக்கால் அளவு. முன் சேனலுக்கு 1000 ஹெர்ட்ஸ், சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ், இரண்டும் 0 டெசிபலில் பதிந்த சைன் ஒலி. கணக்கு: வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க. 75 வாட்ஸ், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். பிரிட்ஜில் 200 வாட்ஸ், 4 ஓம் என்றால் 28.3 வோல்ட். கெயினை அடியிலிருந்து மெல்ல ஏத்தி அந்த எண்ணில் நிறுத்துங்க. ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் ஆம்ப்பைவிடக் குறைவு என்றால் ஸ்பீக்கரின் வாட்ஸைக் கணக்கில் போடுங்க.

முன்கதவுக்கு ஹை பாஸ் (அதற்குக் கீழ் ஒலியைத் தடுப்பது) 80 ஹெர்ட்ஸ், சப்வூஃபருக்கு லோ பாஸ் (அதற்கு மேல் ஒலியைத் தடுப்பது) 80. இங்கிருந்து தொடங்கி காதுக்கு ஏத்தபடி 10 ஹெர்ட்ஸ் இப்படி அப்படி நகர்த்தலாம். பிறகு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சப்வூஃபர் ஃபேஸை (கோன் தள்ளும் திசை) 0, 180 இரண்டிலும் மாத்திக் கேளுங்க, எதில் கீழ் ஒலி நிறைவா வருதோ அதுவே சரி. ஒரு கதவு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாக இணைந்திருந்தால் குரல் நடுவில் நிற்காமல் கலைஞ்சிருக்கும், பேஸ் மெலிந்திருக்கும். ஆம்ப் முனையிலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றி 1.5 வோல்ட் சாதாரண பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்க. ப்ளஸ் ப்ளஸில் பட்டால் கோன் வெளியே தள்ளணும்.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் "ஊய்ங்" சத்தம் வந்தால் உடனே ஃபில்டர் வாங்க ஓடாதீங்க. ஸ்டீரியோவை அணைத்துவிட்டு ஆம்ப்பில் ஆர்சிஏவைப் பிடுங்குங்க, ரிமோட் முனைக்குத் தற்காலிகமா 12 வோல்ட் கொடுத்து ஆம்ப்பை எழுப்புங்க. சத்தம் நின்றால் பிரச்சினை ஸ்டீரியோ எர்த்திலோ ஆர்சிஏ போகும் பாதையிலோ. நிற்கவில்லை என்றால் ஆம்ப் எர்த். பவர் வயர் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம் என்று தொடக்கத்திலேயே பிரித்து இழுத்தால் பாதித் தொல்லை வராது. ஸ்டீரியோ ஓடும்போது ஆர்சிஏவைச் செருகவோ பிடுங்கவோ கூடாது, உள்ளே இருக்கும் மெல்லிய எர்த் பாதை எரிந்து அந்த இரைச்சல் நிரந்தரமாகும்.

வைகைக்கரை கேட்டது:

ஒரே தடவையில் முடியலைன்னா இரண்டு கட்டமா செய்யலாமா?

செம்புக்கம்பி எழுதியது:

செய்யலாம். முதல் கட்டத்தில் ஸ்டீரியோ, முன்கதவு ஸ்பீக்கர், டாம்ப்பிங். ஸ்டீரியோவின் 20 வாட்ஸிலேயே அடைத்த கதவு நல்லா பாடும், ஹை பாஸை மட்டும் 80-இல் வைங்க. ஆனால் தரை விரிப்பைத் தூக்கும் அன்றைக்கே பவர் வயர், இரண்டு ஜோடி ஆர்சிஏ, ரிமோட் வயர், ஆம்ப்பிலிருந்து டாஷ்போர்டு வரை ஸ்பீக்கர் வயர் எல்லாத்தையும் சீட்டுக்கு அடியில் இழுத்து வைச்சிடுங்க. பவர் வயரின் இரு முனையிலும் ஸ்லீவ் போட்டு மூடி, பேட்டரிப் பக்கம் இணைக்காமல் விடணும். ஸ்டீரியோ எடுக்கும்போது முன், பின், சப் என்று மூன்று ஜோடி ஆர்சிஏ வெளியீடு பின்னால் இருக்கா என்று திருப்பிப் பாருங்க. அது இல்லாத ஸ்டீரியோவை வாங்கினால் இரண்டாம் கட்டத்தில் ஸ்டீரியோவிலிருந்தே சப்வூஃபர் சத்தத்தைத் தனியாகக் கூட்டிக் குறைப்பது சிரமமாகலாம்.