ஃபோர் காண்டினென்ட்ஸ் ஸ்கேட்டிங்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சியோலிலிருந்து (இழையைத் தொடங்கியவர்)

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஐரோப்பியர்களுக்கென்று தனி சாம்பியன்ஷிப் 1891-லேயே வந்துவிட்டது. ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஓசியானியா ஆட்டக்காரர்களுக்கு அப்படி ஒன்று கிடைக்க 1999 ஆயிற்று. அதுதான் ஃபோர் காண்டினென்ட்ஸ். முதல் போட்டி கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நடந்தது. பெண்கள் பிரிவில் அங்கே தங்கம் வாங்கியவர் உஸ்பெகிஸ்தானின் தத்யானா மாலினினா. இன்று காற்றில் நாலரைச் சுற்று சுற்றி இறங்குகிற இலியா மாலினின் அவருடைய மகன்தான்.

ஒலிம்பிக் வருடங்களில் பெரிய நாடுகள் தங்கள் முதல் வரிசை ஆட்களை இதற்கு அனுப்பாமல் ஓய்வு கொடுத்துவிடுவது உண்டு. அதை வைத்து இந்தப் போட்டியைக் குறைவாகப் பேசுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. இந்த விளையாட்டில் என் மனதில் நிற்கிற காட்சிகளில் பாதிக்கு மேல் இங்கே பார்த்தவை. அதிலும் டிவி ஒளிபரப்பு தொடங்குவதற்கு முன், அரங்கம் காலியாக இருக்கும் நேரத்தில் பார்த்தவை. உங்களில் யாராவது நேரில் போயிருந்தால் எழுதுங்கள். யாரைப் பார்த்தீர்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் வேண்டும்.

என்னுடையது 2020 பிப்ரவரி, சியோலின் மொக்டோங் ஐஸ் ரிங்க். கொரோனா பயம் அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. எங்கே பார்த்தாலும் மாஸ்க். கூட்டத்தில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து ஹன்யூ யுசுருவுக்காக வந்தவர்கள். ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப், கிராண்ட் ப்ரீ இறுதி, ஜூனியர் பட்டங்கள் எல்லாம் அவரிடம் இருந்தன. இந்த ஒன்று மட்டும் இல்லை. 2011, 2013, 2017 மூன்று தடவையும் வெள்ளியோடு திரும்பியவர்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் அறுபது வயது தாண்டிய ஓர் ஜப்பானிய அம்மா. மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் கலந்துகொள்ளும் அத்தனை நாடுகளின் கொடியும் இருந்தது. காலையில் முதல் குழு இறங்கியதிலிருந்து யார் வந்தாலும் அந்த நாட்டுக் கொடியைத் தேடி எடுத்து ஆட்டினார். சில கொடிகளை என் கையிலும் கொடுத்தார். அந்த ஆட்டக்காரர்களில் சிலருக்கு அந்த அரங்கத்தில் தெரிந்த முகம் அவர்களுடைய பயிற்சியாளர் மட்டும்தான். ஒரு பையன் ஆட்டம் முடிந்து குனிந்தபோது எங்கள் பக்கம் கொடியைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினான். அந்த அம்மாவின் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

ஹன்யூ ஷார்ட் ப்ரோக்ராமில் (முதலில் வரும் சின்ன ஆட்டம்) ஷோப்பானின் பியானோவுக்கு ஆடி 111.82 வாங்கினார். அது அப்போது உலக சாதனை. ஃப்ரீ ஸ்கேட்டில் (அடுத்து வரும் நீண்ட ஆட்டம்) தடுமாற்றங்கள் இருந்தன, ஆனாலும் தங்கம் அவருக்குத்தான். சீனியர், ஜூனியர் இரண்டிலும் எல்லாப் பெரிய பட்டங்களையும் வென்ற முதல் ஆண் ஸ்கேட்டர் என்று அன்று ஆனார். அந்த அம்மா அழுதார். அடுத்த மாதம் மான்ட்ரியலில் நடக்கவேண்டிய உலக சாம்பியன்ஷிப் ரத்தாகிவிட்டது. 2021 ஃபோர் காண்டினென்ட்ஸும் நடக்கவில்லை. நல்லவேளை, அந்தக் கடைசி வாய்ப்பில் அவரைப் பார்த்துவிட்டேன்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து

அண்ணா, அந்தக் கொடி அம்மா மாதிரி ஒருவரை 2016-இல் தைபேயில் நானும் பார்த்தேன். எங்கள் மலேசியக் கொடியையும் கையில் வைத்திருந்தார்! நாங்கள் போனதே ஜூலியன் யீக்காகத்தான்.

ஜூலியன் ஸ்கேட்டிங் கற்றது சன்வே பிரமிட் மாலில். என் தங்கையும் நானும் பள்ளி விடுமுறையில் சறுக்கி விழுந்து எழுந்த அதே ஐஸ். அங்கே பொதுமக்கள் கூட்டம் இருக்கும், பிறந்தநாள் விழா நடக்கும், அதற்கு நடுவே பயிற்சி செய்யவேண்டும். தென்கிழக்கு ஆசியாவில் பல பேருக்குக் கதை இதுதான். பிலிப்பைன்ஸின் மைக்கேல் மார்ட்டினெஸும் மணிலா மாலில் ஆடித்தான் ஒலிம்பிக் வரைக்கும் போனார். குளிர்காலமே இல்லாத ஊரில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள்.

தைபே அரங்கில் ஜூலியன் இறங்கியபோது மேலே பாதி நாற்காலி காலி. பரவாயில்லை, நாங்கள் கத்தினோம். முன்வரிசையில் இருந்த தைவான் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். பதக்கப் பட்டியல் பக்கம் எல்லாம் அவர் வரவில்லை. ஆனால் அந்தப் பெரிய ஐஸில் ஓரம் வரைக்கும் போய் வளைந்து திரும்பும்போது, இவ்வளவு இடம் இவருக்கு ஊரில் கிடைத்திருந்தால் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அடுத்த வருடம் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் (சீ கேம்ஸ்) தங்கம் வாங்கினார். 2018-இல் பியோங்சாங்கில் மலேசியக் கொடியை ஏந்தி நடந்தார். குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போன எங்கள் முதல் ஸ்கேட்டர்.

அதே தைபே போட்டியில் கனடாவின் பேட்ரிக் சான் ஷார்ட்டில் ஐந்தாவது. ஃப்ரீயில் 203.99 எடுத்து மேலே ஏறினார். நாலு குவாட் (காற்றில் நாலு சுற்று சுற்றும் தாவல்) போட்ட சீனாவின் ஜின் போயாங் 0.38 புள்ளியில் தங்கத்தை விட்டார். சான் பிளேடின் விளிம்பில் சாய்ந்து சறுக்குவதை டிவியில் எத்தனை தடவை பார்த்தாலும் தெரியாத ஒன்று உண்டு: சத்தம். அவர் ஆடும்போது பிளேடு ஐஸில் போகும் சத்தமே எங்களுக்குக் கேட்கவில்லை. மற்றவர்கள் போகும்போது கரகரவென்று மேலே வரை கேட்கும். இதற்காகவே ஒரு தடவை நேரில் போகவேண்டும்.

டாலினிலிருந்து

சின்னதாக ஒன்று. ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கான இந்தப் போட்டி 2022-இல் ஐரோப்பாவிலேயே நடந்தது தெரியுமா? சீனாவின் தியான்ஜினில் நடக்கவேண்டியது, கொரோனாவால் எஸ்டோனியாவுக்கு வந்தது. எங்கள் டோண்டிராபா அரங்கில் முதல் வாரம் ஐரோப்பிய சாம்பியன்ஷிப், அடுத்த வாரம் இது. படிக்க வந்த இடத்தில் இரண்டும் கிடைத்தது. சா ஜுன்ஹ்வான் இங்கேதான் வென்றார், இந்தப் பட்டம் வாங்கிய முதல் கொரிய ஆண். எண்ணிப் பார்க்கிற அளவுக்குத்தான் கொரியர்கள் இருந்தார்கள், ஆனால் கைதட்டலுக்குக் குறைவில்லை.

முன்பு சியோலில் படித்தவர், இப்போது கோவை

2015 மொக்டோங் பற்றி யாரும் எழுதவில்லையே. நான் எழுதுகிறேன்.

என் ஆய்வகத்தில் அல்மாட்டியிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். பார்க்கக் கொரியப் பெண், பேசுவது ரஷ்ய மொழி. அவளுடைய கொள்ளுத்தாத்தா காலத்தில், 1937-இல், ஸ்டாலின் அரசு தூரக் கிழக்கில் இருந்த கொரியர்களை மொத்தமாக ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவில் கொண்டுபோய் விட்டது. அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்கள்தான் இவர்கள். டெனிஸ் டென்னும் அப்படி ஒருவர். கஜகஸ்தானுக்காக ஆடினார். ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய கொரியத் தளபதி மின் கியுங்ஹோவின் எள்ளுப்பேரன். இதையெல்லாம் சுரங்க ரயிலில் போகும்போது அவள்தான் எனக்குச் சொன்னாள். அதுவரை ஸ்கேட்டிங் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் கூப்பிட்டாள் என்று போனேன்.

டென் இறங்கியபோது அந்த அரங்கம் அவரை எப்படி வரவேற்றது என்பதைச் சொல்லவேண்டும். வெளிநாட்டு ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற கைதட்டல் இல்லை அது. ஊரைவிட்டுப் போன வீட்டிலிருந்து பேரன் திரும்பி வந்தால் எப்படியோ, அப்படி. கஜகக் கொடிக்குப் பக்கத்திலேயே கொரியக் கொடியையும் பிடித்திருந்தார்கள். என் தோழி இரண்டையும் வைத்திருந்தாள்.

மொத்தம் 289.46. தங்கம். இரண்டாவது வந்தவரைவிட வெகு தூரம் மேலே. எனக்கு அன்று குவாட் எது, ஆக்ஸல் எது என்று தெரியாது. ஆனால் அவர் இசையைக் கேட்டு ஆடுகிறார், இசை முடிவதற்குள் முடிக்கவேண்டுமே என்று ஆடவில்லை என்பது எனக்கே புரிந்தது. இன்றுவரை எந்த ஸ்கேட்டரைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

2018 ஜூலை 19. அல்மாட்டியில், தன் காரின் கண்ணாடியைத் திருட வந்தவர்களைத் தடுக்கப் போய்க் கத்திக்குத்தில் இறந்தார். வயது 25. என் தோழி அன்று இரவு போன் செய்தாள், இரண்டு பேருக்கும் பேச வரவில்லை. 2025-இல் அதே மொக்டோங்கில் மிகைல் ஷைதோரோவ் கஜகஸ்தானுக்காக இந்தப் பட்டத்தை வாங்கினார் என்று செய்தி வந்ததும் முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். அவள் அதற்கு முன்பே எனக்கு அனுப்பியிருந்தாள்.

சின்ச்சுவிலிருந்து

கோவை நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு 2018 தைபே ஞாபகம் வந்தது. ஜனவரிக் கடைசி, பியோங்சாங் ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம்கூட இல்லை. பெரிய ஜோடிகள் பலர் வரவில்லை. வடகொரியாவின் ரியோம் தே-ஓக், கிம் ஜு-சிக் ஜோடி வந்திருந்தது. முந்தைய கோடையில் மான்ட்ரியலில் புரூனோ மார்கோட்டிடம் பயிற்சி எடுத்திருந்தார்கள்.

அவர்களைப் பார்ப்பதற்கு முன் என் மனதில் இருந்தது ராணுவ அணிவகுப்புப் படங்கள்தான். இறங்கி வந்தது சின்னப் பெண்ணும் ஒரு இளைஞரும், தூக்கும்போது சிரிக்கிறார்கள், இறக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வெண்கலம் கிடைத்தது. புள்ளிகள் திரையில் வந்ததும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தைவான் கூட்டம் அவர்களுக்கும் பொம்மை வீசியது, பூ வீசியது. பூ பொறுக்கும் குட்டிப் பிள்ளைகள் எல்லோருக்கும் போலவே அவர்களுக்கும் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். அரசியல் பற்றி எனக்கு ஆயிரம் கருத்து உண்டு. அந்த நாலு நிமிடத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

டென்வரிலிருந்து

எங்கள் பக்கத்துக் கொலராடோ ஸ்பிரிங்ஸில் இந்தப் போட்டி நான்கு தடவை நடந்திருக்கிறது: 2006, 2007, 2012, 2023. ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே. சமவெளியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களுக்கு ஃப்ரீ ஸ்கேட்டின் கடைசி நிமிடம் மூச்சு கிடைக்காது. 2023-இல் நேரில் பார்த்தேன். முதல் இரண்டரை நிமிடம் பறந்தவர்கள் கடைசித் தாவலில் கால் தளர்ந்து இறங்குவதும், முடிந்ததும் முழங்காலில் கையை ஊன்றி நிற்பதும் கண்ணுக்குத் தெரியும். கொரியாவின் லீ ஹேயின் அந்த உயரத்தில் கடைசி வரை நின்று ஆடித் தங்கம் வாங்கினார். 2009-இல் கிம் யுனா வென்றதற்குப் பிறகு ஒரு கொரியப் பெண்ணுக்கு அதுதான் முதல் தடவை. ரிக்கு மியுரா, ரியுயிச்சி கிஹாரா ஜப்பானின் முதல் ஜோடிப் பட்டத்தை வாங்கியதும் அங்கேதான்.

நான் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனது தாரா பிரசாத்தைக் காட்டுவதற்கு. அமெரிக்காவில் பிறந்து, இந்தியக் குடியுரிமை எடுத்து, இந்தியாவுக்காக ஆடுகிறவர். டேராடூனில் கட்டிய பெரிய ஐஸ் அரங்கம் பல வருடம் மூடிக் கிடந்தது. அப்படி ஒரு நாட்டின் பெயரைப் பெரிய பெரிய அணிகளுக்கு நடுவே ஒலிபெருக்கியில் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம்! "இந்தியா" என்று அறிவித்ததும் என் மகள் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டாள். இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

சியோலிலிருந்து (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. கோவைத் தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

2025-க்கும் மொக்டோங் போயிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 29 அன்று வாஷிங்டன் அருகே நடந்த விமான விபத்தில் 67 பேர் இறந்தார்கள். அதில் 28 பேர் ஸ்கேட்டிங் உலகைச் சேர்ந்தவர்கள், பலர் சின்னப் பிள்ளைகள். மூன்று வாரம் கழித்து அமெரிக்க அணி சியோலில் ஆட வந்தது. ஜிம்மி மாவின் பாஸ்டன் கிளப் அந்த விபத்தில் ஆறு பேரை இழந்திருந்தது. அவர் ஆடி முடித்ததும் மொத்த அரங்கமும் எழுந்து நின்றது. வெண்கலம் வாங்கினார். இத்தனை வருடப் போட்டி வாழ்க்கையில் இந்த அளவிலான சாம்பியன்ஷிப்பில் அதுதான் அவருடைய முதல் பதக்கம்.

பெண்களில் தங்கம் கிம் சேயோனுக்கு. அவர் போட்டுக்கொள்ளும் உடைகளை அவருடைய அம்மாவே தைக்கிறார். அது தெரிந்ததிலிருந்து நான் தையலைத்தான் முதலில் பார்க்கிறேன். மேலே இருந்து பார்த்தாலும் உடையில் பதித்த கல் ஒவ்வொன்றும் மின்னுகிறது.

டிக்கெட் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: முடிந்தால் பயிற்சி நேரத்தைப் பார்க்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் போய் உட்காரலாம், ஒரே ஐஸில் உலக சாம்பியனும் முதல்முறை வந்தவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் போவதைப் பார்க்கலாம். போட்டி நாளிலும் கடைசிக் குழுவுக்கு மட்டும் போகாதீர்கள், முதல் குழுவின் ஆறு நிமிட வார்ம்-அப் தொடங்கும்போதே உள்ளே இருங்கள்.

வான்கூவர் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? 2009-இல் பசிபிக் கொலிசியத்தில் கிம் யுனா ஷார்ட்டில் 72.24 எடுத்து உலக சாதனை படைத்தார். ஒரு வருடம் கழித்து அதே அரங்கில் ஒலிம்பிக் தங்கம். அந்த 2009 போட்டியை நேரில் பார்த்த ஒரு தமிழரையாவது தேடிக்கொண்டிருக்கிறேன். இருந்தால் எழுதுங்கள், எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிப்பேன்.