எஸ்காம் மின்நிலையங்களின் கிடைப்பளவு: என் கணக்கு ஏன் ஒத்துவரவில்லை?

வினா (அட்டவணைக்காரன்):
தென்னாப்பிரிக்காவின் எஸ்காம் மின்நிறுவனத்தில் எத்தனை மின்னாக்க அலகுகள் நின்றிருக்கின்றன என்பதை வாரந்தோறும் குறித்துவருகிறேன். நின்ற அலகுகளின் நிறுவுதிறனை மொத்தத்திலிருந்து கழித்தால் வரும் விழுக்காடு, நிறுவனம் அறிவிக்கும் கிடைப்பளவைவிட (மொத்தத் திறனில் உற்பத்திக்கு ஆயத்தமாக இருக்கும் பங்கைவிட) எப்போதும் உயர்வாகவே இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி (கொதிகலன்):
நின்றவற்றை மட்டும் எண்ணுகிறீர்கள், தவறு அங்கேதான். ஓடிக்கொண்டிருந்தும் முழுத்திறனை எட்டாத அலகின் குறைவும் இழப்பே. நிலக்கரியை அரைக்கும் ஆலைகளில் ஒன்று பழுதானதால் 800 மெகாவாட் அலகொன்று வாரம் முழுவதும் 600 மெகாவாட்டுக்கு மேல் தர இயலாமற்போனால், 33,600 மெகாவாட் மணி இழப்பாகிறது. உங்கள் அட்டவணையிலோ அது குறையேதுமின்றி ஓடிய அலகு. திட்டமிட்ட பராமரிப்பு, திட்டமிடாத பழுது, நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்கள் ஆகிய மூவகை இழப்புகளின் விழுக்காட்டையும் நூறிலிருந்து கழித்தால் வருவதே கிடைப்பளவு. ஆனால், தேவை குறைந்ததால் உற்பத்தியைக் குறைத்துக்கொண்ட அலகை இழப்பில் சேர்த்துவிடாதீர்கள். கேட்டிருந்தால் அது முழுத்திறனையும் தந்திருக்கும்.

மறுமொழி (தெற்குக்காற்று):
வகை பிரிப்பதிலும் கவனம் தேவை. கூபெர்க் அணுமின் நிலையத்தின் முதல் அலகு நீராவி உருவாக்கிகளை மாற்றுவதற்காக 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டு, 2023 நவம்பரில்தான் மின்தொகுப்புக்குத் திரும்பியது. இத்தகைய பணி குறித்த நாளைக் கடந்து நீண்டால், அந்த நீட்சி திட்டமிடாத இழப்பாகக் கொள்ளப்படும். ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முதலில் அறிவிக்கப்பட்ட முடிவுநாளையும் அட்டவணையில் தனிப்பத்தியில் வைத்திருங்கள். பின்னர் அறிவிக்கப்படும் புதிய நாளை அதன்மேல் எழுதிவிட்டால் தாமதமே மறைந்துபோகும். குசீலே நிலக்கரி மின்நிலையத்தில் 2022 அக்டோபரில் புகைவழிக் குழாய் சரிந்தபோது, அதே புகைபோக்கியைச் சார்ந்திருந்த மூன்று அலகுகள் முடங்கின. ஆதலால் காரணத்துக்கும் ஒரு பத்தி வேண்டும். இல்லையேல் ஒரே விபத்து மூன்று தனித்தனிப் பழுதுகளாகத் தோன்றும்.

அட்டவணைக்காரன்:
இருவருக்கும் நன்றி. மின்வெட்டு நடந்த நாள்களைக் கொண்டு என் கணக்கைச் சரிபார்க்கலாமா?

கொதிகலன்:
மின்வெட்டு நாள்களை மட்டும் நம்ப வேண்டாம். கிடைப்பளவு சரிந்த நாளிலும் ஆங்கர்லிக், கௌரிக்வா நிலையங்களின் டீசல் சுழலிகளை நெடுநேரம் ஓட்டி மின்வெட்டைத் தவிர்க்க இயலும். அந்நாள்களில் பற்றாக்குறை எரிபொருள் செலவில்தான் தெரியும். டீசல் சுழலிகள் ஓடிய நேரத்தையும் சேர்த்துக் குறித்துவைத்தால் ஒப்பிடலாம்.