ஜூலையில் வந்து பார்த்துவிட்டு ஓடைக்கு வரைபடமா?

கீழ்ப்படி: குன்னூரில் எங்கள் ஓடையோரத் தெருவுக்குக் கல்லூரி மாணவர்கள் வளர்ச்சித் திட்டம் எழுதித் தந்தார்களாம். 'பகுதியை முழுசாக அளந்துவிட்டார்கள்' என்று மேல்தெரு நேற்று இங்கே பாராட்டியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் வந்தது ஜூலையில். குன்னூருக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். எந்த வீட்டுக்குள் தண்ணீர் புகும் என்று கால் நனையாத ஓடையைப் பார்த்தா தெரியும்?

மேல்தெரு: ஜூலையிலும் பெய்தது. பிள்ளைகள் நனைந்துகொண்டே படிக்கட்டு ஏறி இறங்கினார்கள். கழிப்பறைக் குழாய் எங்கே போய் விழுகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். இத்தனை வருஷத்தில் வேறு யார் கேட்டார்கள்? 2019 ஆகஸ்டில் ஊட்டிக்கு மேற்கே உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. கொட்டியதே, அது என்ன கார்த்திகை மழையா?

கீழ்ப்படி: அவலாஞ்சி எங்கே, குன்னூர் எங்கே! தென்மேற்கு மழையை நடுவில் நிற்கும் தொட்டபெட்டா மலை மறித்துவிடும். ஜூலையில் நமக்கு வருவது சாரல். 2009 நவம்பரில் பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் சமையலறைச் சுவர் போனதும் அந்த வாரம்தான். அதே இடத்தில் இவர்கள் குழந்தைகள் பூங்கா வரைந்திருக்கிறார்கள். தடுப்புச்சுவரில் நீர் வடியத் துளை விடாவிட்டால், பின்னால் மண் ஊறி, சுவரே வயிறு தள்ளி விழும். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கேத்திக்காரன்: அந்த அறிக்கையில் தெரு முழுக்கத் 'தோட்டக் கூலிக்கு வந்தவர்கள்' என்று இருக்கிறது. என் தாத்தா இலங்கையோடு போட்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கண்டியிலிருந்து வந்தவர். தாயகம் திரும்பியோர் என்று எழுதத் தெரியாதா?

மேல்தெரு: திட்டம் பற்றிய கூட்டத்துக்கு வந்து சொல்லியிருக்கலாமே. நாற்காலி போட்டுக் காத்திருந்தோம். கீழ்ப்படி அண்ணனும் வரவில்லை. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம்.

கீழ்ப்படி: வேலைதான் திருப்பூரில். வீடும் அம்மாவும் இங்கே. செவ்வாய்க்கிழமை பகல் 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் கொழுந்து பறிக்கப் போனவர்கள் எப்படி வருவார்கள்? வந்தது உங்கள் தெரு மட்டும். அதனால்தான் திட்டத்தில் கைப்பிடிக் கம்பி உங்களுக்கு, பூங்கா எங்களுக்கு. தண்ணீர்க் குழாய் விஷயத்திலும் இதேதான் நடந்தது.

மேல்தெரு: குழாய்க் கதையை மறுபடி இழுக்காதீர்கள். வால்வு திறப்பவன் நான் இல்லை.

வரைபடக்காரி: அந்தக் குழுவில் நானும் இருந்தேன். நவம்பரில் எங்களுக்குத் தேர்வு, அதனால் ஜூலையில் வந்தோம். அங்கே இனி யாரும் வீடு கட்டக்கூடாது என்பதற்காகத்தான் பூங்கா என்று குறித்தோம்.

கீழ்ப்படி: தங்கச்சி, உங்கள் தேர்வு முடியட்டும் என்று மழை நிற்காது. வீடு கட்டக்கூடாத இடத்தில் ஊஞ்சல் மட்டும் கட்டலாமா? கார்த்திகையில் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் தங்குங்கள், அம்மா சாப்பாடு போடுவார். அப்புறம் வரையுங்கள்.

மேல்தெரு: ஜூலையில் பெய்தது. நானே பார்த்தேன்.

கீழ்ப்படி: சாரல்.

கேத்திக்காரன்: தாயகம் திரும்பியோர் என்று திருத்துவீர்களா, மாட்டீர்களா?