ட்ரக் ஓடும்போது தூக்கம் வரவில்லை, கணவரோடு டீமாக ஓட்டுகிறேன்: உதவுங்கள்

திருச்சி_பயணி:
வணக்கம். கனடாவில், ஒன்டாரியோவின் ஒயிட் ரிவர் ஊரில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். பனிப்புயலால் 17-ஆம் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். வான்கூவர் லோடு. நானும் வீட்டுக்காரரும் மாறி மாறி ஓட்டுகிறோம், இது மூன்றாவது டிரிப். அவர் ஓட்டும்போது ஸ்லீப்பரில் (சீட்டுக்குப் பின்னால் உள்ள கட்டிலில்) படுத்தால் எனக்குக் கண் மூடுவதே இல்லை. நேற்று விடியற்காலை ஸ்டியரிங்கில் கண்ணயர்ந்துவிட்டேன். டயர் சரளையில் இறங்கிய சத்தம்தான் எழுப்பியது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. லோடு அனுப்பும் கம்பெனி டிஸ்பாட்சர் போன் மேல் போன் போடுகிறார். என்ன செய்வது?

ஸ்கார்பரோ_அக்கா:
தங்கச்சி, வந்து எவ்வளவு காலம்? கம்பெனி சம்பளமா, உங்கள் பெயரில் தனிக் கம்பெனி பதிந்து இன்கார்ப்பரேட் செய்திருக்கிறீர்களா? நானும் இவரும் 2009-இல் தொடங்கினோம். பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து, முதல் மாதம் முழுக்க அழுதேன். சாப்பாடு சரியில்லாவிட்டால் நித்திரையும் வராது. ஒரு சின்ன ரைஸ் குக்கர், இன்வெர்ட்டர், பருப்பு, ரசப்பொடி வைத்திருங்கள். அமெரிக்க லோடு வந்தால் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகாதீர்கள், எல்லையில் எடுத்துவிடுவார்கள்.

நாமக்கல்காரன்:
அக்கா, அவர் கேட்டது சாப்பாடு இல்லையே. எனக்கு ஊரில் 11 வருட லாரி அனுபவம். ஒன்டாரியோவில் அது செல்லாது என்று 103.5 மணி நேரப் பயிற்சியில் புது ஆளாக உட்கார வைத்தார்கள். முதல் குளிர்காலத்தில் கோக்விஹல்லா மலைச்சாலை மேட்டில் டயருக்குப் பனிச் சங்கிலி மாட்டும்போது விரல் மரத்துப்போய் கொக்கியைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் பழகிவிடும். ஒரு மாதம் பொறுங்கள், வண்டியின் ஆட்டம்கூடத் தாலாட்டு மாதிரி ஆகிவிடும்.

பிராம்ப்டன்_தம்பி:
எல்லோருக்கும் பழகாது அண்ணா. எனக்கு ஏழு மாதமாகியும் பழகவில்லை, டீமை விட்டே இறங்கிவிட்டேன். அதைவிடக் கொடுமை காத்திருப்பு. குடோன் வாசலில் ஒன்பது மணி நேரம் நின்றேன், ஒரு பைசா தரவில்லை. மைலுக்குத்தான் காசாம்.

நாமக்கல்காரன்:
அதைச் சொல்லுங்கள். என்னையும் இன்கார்ப்பரேட் செய்யச் சொன்னார்கள். விடுப்புச் சம்பளம் கிடையாது, ஓவர்டைம் கிடையாது. கடைசி இரண்டு டிரிப் பணம் இன்னும் வரவில்லை.

ஸ்கார்பரோ_அக்கா:
எங்களுக்கும் ஒருமுறை அப்படித்தான். கேட்கப் போனால் ஆபீஸ் கதவு பூட்டு.

வின்னிபெக்_சேஃப்டி:
நான் ஒரு ட்ரக் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். சம்பளப் பிரச்சினையைப் பிறகு பேசலாம், அந்தப் பெண் சாலையில் நிற்கிறார். திருச்சி சகோதரி, இன்றைக்கே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். கனடா விதிப்படி களைப்பில் கவனம் குறைந்த டிரைவர் ஓட்டக் கூடாது, கம்பெனியும் ஓட்டச் சொல்லக் கூடாது. டிஸ்பாட்சருக்குப் போனில் பதில் சொல்லாமல், "களைப்பாக இருக்கிறது, பாதுகாப்பாக ஓட்ட முடியாது" என்று மெசேஜ் அனுப்புங்கள். அது எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு நாளில் 13 மணி நேரம் வரை ஓட்டலாம் என்பது உச்ச வரம்புதான், ஓட்டியே தீர வேண்டும் என்பதல்ல.

டீம் டிரைவர்கள் எட்டு மணி நேர ஓய்வை ஸ்லீப்பரில் நான்கு நான்காகப் பிரிக்கலாம். உங்களுக்கு அது வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் மாறுங்கள். முதல் சில வாரம், நீங்கள் தூங்கும்போது நான்கு மணி நேரமாவது வண்டி நிற்கட்டும். டெலிவரி தாமதமாகும், ஆகட்டும். கீழ்க் கட்டிலில் படுங்கள், உருண்டு விழாமல் இருக்க வலைப் பட்டியை மாட்டிக்கொள்ளுங்கள். இப்போது நிற்கும் இடத்தில் வண்டியின் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். சாலை திறந்ததா என்று சாலை நிலவரம் சொல்லும் 511 சேவையில் பார்க்கலாம். அப்புறம் ஒரு கேள்வி: ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?

திருச்சி_பயணி:
சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை, சாவியை எடுத்துத் தன் ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டார். மெசேஜும் அனுப்பிவிட்டோம். மருந்து என்றால், சளி பிடித்து நாலு நாளாக இருமல் சிரப் குடிக்கிறேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

வின்னிபெக்_சேஃப்டி:
பாட்டிலைப் பாருங்கள், தூக்க எச்சரிக்கை இருக்கும். அதைக் குடித்துவிட்டு ஓட்ட வேண்டாம். சாலை திறந்ததும் அடுத்த ஊரான மாரத்தான் வரை அவரே ஓட்டட்டும். அங்கே மருந்துக் கடையில் டிரைவர் என்று சொல்லி வேறு மருந்து கேளுங்கள்.