திராட்சை மாத்திரை அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

தண்டையார்பேட்டை மகன்:
இதய வால்வு மாற்றியதிலிருந்து அப்பா ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் இதயத்துக்கு நல்லது என்று சித்தப்பா ஒரு டப்பா மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா? பயமாக இருக்கிறது.

ராயபுரம் மருந்துக்கடை:
அண்ணா, டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து கொடுக்காதீர்கள். வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். எலிகளிடம் நல்ல பலன் தெரிந்தது உண்மைதான். ஆனால் நம் உடம்பில் குடலும் கல்லீரலும் அதைச் சீக்கிரமே வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. இத்தாலியில் 65 வயது தாண்டிய 783 பேரிடம் நடந்த ஆய்வு 2014இல் வந்தது. உணவில் இது அதிகம் சேர்ந்தவர்களுக்கும் இதயநோய் குறையவில்லை. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் அடுத்த ஐஎன்ஆர் டெஸ்ட்டுக்கு டப்பாவையே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

தண்டையார்பேட்டை மகன்:
சரிம்மா, நன்றி. பன்னீர் திராட்சை?

ராயபுரம் மருந்துக்கடை:
சுகர் இல்லையென்றால் ஒரு கைப்பிடி தாராளமாகக் கொடுங்கள், நன்றாகக் கழுவி.